ஜெசிந்தாவுக்குச் சரியான அளவு

வேண்டாம் அண்ணாச்சி, அதை மேல தூக்கி வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டர் பின்னால டயர் கிடக்க இடத்துல போடச் சொன்னாரு. லக்கேஜ் டிக்கெட் வேணும்னா போட்டுக்கோங்க, மடியை விட்டு எறக்க மாட்டேன்னுட்டேன். உங்களுக்கு முட்டு இடிக்குதோ? கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகந்துக்கிடுங்க. திருநெல்வேலி வரைக்குந்தான். அங்க எறங்கி தூத்துக்குடி பஸ் மாறணும்.

ஆமா, கிட்டார்தான். கடையில வரிசையாத் தொங்குமே, அது இல்ல. இது கிளாசிக்கல் கிட்டார். இரும்புக் கம்பி கிடையாது, நைலான் நரம்பு. விரலாலேயே வாசிக்கணும். நான் செஞ்சது. எம் பேரு தொபியாஸ்.

வாசிக்கவா? எனக்கு வாசிக்கத் தெரியாது அண்ணாச்சி. எல்லாரும் இதைத்தான் கேக்காவ. செய்யத் தெரியும், சுதி சேக்கத் தெரியும், அவ்வளவுதான். வாசிக்கிறது ஜெசிந்தா. என் வீட்டுக்காரி. நாகர்கோவில்ல அவ தங்கச்சி வீட்டுல இருக்கா. அவளைப் பாத்துட்டுத்தான் வாரேன்.

நான் மொதல்ல சிப்பி வேலைதான் பாத்தேன். சிலுவை, போட்டோ சட்டம், நகைப் பெட்டி, எல்லாத்துலயும் சிப்பியை மெல்லிசா அறுத்துப் பதிக்கிற வேலை. கண்ணு எரியும், மூக்குக்குள்ள தூசி போவும். ஆனா கை ஓடும். கை ஓடுனா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

அப்ப ஜெசிந்தா எங்க பங்குக் கோயில் பாடகர் குழுவுல கிட்டார் வாசிப்பா. ஒருநா அவ கிட்டாரு கீழ விழுந்து பக்கவாட்டுப் பலகை பொளந்து போச்சு. எங்கிட்ட கொண்டாந்தா. ஒட்டிக் குடுத்தேன். வாசிச்சுப் பாருங்கன்னேன். உக்காந்து வாசிச்சா. எனக்குப் பாட்டு காதுல விழல அண்ணாச்சி. அவ வலது தோளையே பாத்துக்கிட்டு நின்னேன். ஆளு சின்ன ஆளு, கிட்டாரு பெரிசு. அதை அணைச்சுப் பிடிக்கணும்னா தோளு காதுகிட்ட ஏறி நிக்கி. "தோளு வலிக்குமே"ன்னேன். அவ வாசிக்கிறதை நிப்பாட்டிட்டு என்னைப் பாத்தா. "இத்தனை வருசத்துல யாரும் இதைக் கேட்டதில்ல"ன்னா.

அன்னைக்கு முடிவு பண்ணினதுதான். அவளை ஒரு முக்காலியில உக்கார வச்சு டேப்பால அளந்தேன். நெஞ்சுக்கும் தொடைக்கும் எவ்வளவு, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் எவ்வளவு, விரலு எவ்வளவு விரியும், எல்லாம். அவ அம்மா பக்கத்துலயே நின்னா, முறைச்சுக்கிட்டு. ஈட்டி மரப் பலகையைத் தண்ணியில ஊறப் போட்டு, சூடான குழாயில வச்சு வளைச்சேன். மொதல் பலகை ஒடைஞ்சுது. ரெண்டாவதும் ஒடைஞ்சுது. அப்புறம் வந்துச்சு. வயித்துப் பக்கம் கனம் கம்மி, இடுப்பு ஒடுக்கம், முழங்கை படுற விளிம்பை இழைச்சு உருட்டி விட்டேன். அதை எடுத்து அவ மடியில வச்சா, தோளு தானா எறங்குச்சு அண்ணாச்சி. நீங்க பாத்திருக்கணும். அதுக்கப்புறந்தான் கல்யாணம்.

பிள்ளைங்க இல்ல. அதுக்கென்ன செய்ய. கிட்டாருதான் எங்களுக்கு. சென்னை, பெங்களூரு, கோவான்னு ஆளுங்க தேடி வந்தாவ. சிப்பி வேலைக்காவ வாரவுங்க பாதி, ஒடம்புக்குச் சவுரியமா இருக்குன்னு வாரவுங்க பாதி. கடைக் கிட்டாருக்கு நாம வளையணும், தொபியாஸ் கிட்டாரு நமக்கு வளையும்னு ஒரு வாத்தியாரு சொன்னாரு. ஆனா எந்தக் கிட்டாரா இருந்தாலும் மொதல்ல ஜெசிந்தா வாசிக்கணும். அதான் எங்க வழக்கம். எடுத்து மடியில வைப்பா, கண்ணை மூடிக்கிடுவா. "இடுப்பு இடிக்குது"ம்பா. "கழுத்து தடிமனா இருக்கு, சீவுங்க"ம்பா. அவ சரின்னு சொல்லாம ஒரு கிட்டாரு வீட்டை விட்டுப் போனதில்ல. எனக்குக் கை ரெண்டு. வாசிக்கிற கை அவளுது. கூட்டுனா நாலு கை. அப்படித்தான் வேலை நடந்துச்சு.

முந்துன கிறிஸ்மஸுக்கு முந்துன கிறிஸ்மஸ். கோயில்ல பாட்டுக்குப் பழகிட்டு வந்தா. வந்து, "கட்டைவெரலு சொன்னா கேக்க மாட்டேங்குது"ன்னா. நான் வாங்கிப் பாத்தேன். நரம்பு கொஞ்சம் ஒசரமா இருந்துச்சு. எறக்கிக் குடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு, "அமுக்க முடியல"ன்னா. சரி, கழுத்தை இன்னும் மெல்லிசாச் சீவுவோம்னு சீவுனேன். நான் சும்மா இருக்கல அண்ணாச்சி, அதைச் சொல்லணும். என்னைப் பத்தி மெட்டில்டா, அதான் அவ தங்கச்சி, ஊரு பூரா என்னமும் சொல்லிக்கிட்டுத் திரியா. நான் ஒருநாளும் சும்மா இருந்ததில்ல. அவ ஒரு கொறை சொல்லுவா, நான் அன்னைக்கே உளியை எடுத்துருவேன்.

அப்புறம் காப்பி டம்ளரு நழுவ ஆரம்பிச்சுது. தலைமுடி பின்னும்போது கை பாதியில நின்னுரும். "வாங்களேன், ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோம்"ன்னா. நான் மாட்டேன்னு சொல்லல. பெங்களூரு ஆர்டரு ஒண்ணு பாலிஷ்ல நின்னுச்சு. அரக்குப் பாலிஷ் தெரியும்லா? துணியில தொட்டுத் தொட்டு, தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தணும். நடுவுல விட்டா திட்டுத் திட்டா நிக்கும். "இது முடியட்டும்ட்டி, போவோம்"ன்னேன். அவ மெட்டில்டாவைக் கூப்பிட்டுக்கிட்டுப் போயிட்டா. மெட்டில்டா நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ. எல்லாத்துலயும் அவசரம்.

திருநெல்வேலியில பெரிய டாக்டருட்ட காட்டினாவ. கரண்டு வச்சுப் பாத்தாவ, ஸ்கேன் எடுத்தாவ. முடிவு சொல்லுத அன்னைக்கு நானும் போனேன், அது எப்படிப் போவாம இருப்பேன்? டாக்டரு நல்ல மனுசன். மெதுவாச் சொன்னாரு. மூளையிலருந்து சதைக்குச் சேதி கொண்டு போற நரம்பு ஒண்ணொண்ணா அவிஞ்சுக்கிட்டே வருமாம். மொதல்ல கை, அப்புறம் காலு, பேச்சு, முழுங்குறது, கடைசியில மூச்சு. திருப்பிக் கொண்டார மருந்து இல்லையாம். ஜெசிந்தா சேலைத் தலைப்பை எடுத்து மடியில விரிச்சு, மடிச்சு, விரிச்சுக்கிட்டிருந்தா. நான் கேட்டேன், "நாங்க என்ன செய்யணும் டாக்டரு?" அவரு சொன்னாரு, "கனமா எதையும் தூக்க விடாதீங்க. எவ்வளவு சவுரியமா வச்சுக்கிட முடியுமோ, அவ்வளவு சவுரியமா வச்சுக்கோங்க."

சவுரியமா வச்சுக்கோங்க. கேட்டியளா? அதான என் தொழிலு!

வெளிய வந்து பெஞ்சியில உக்காந்து அவ அழுதா. மெட்டில்டா அழுதா. நான் அழல. மனசுக்குள்ள பலகை அறுத்துக்கிட்டிருந்தேன். கனம் கூடாது, சரி. மேல் பலகையை இன்னும் மெல்லிசா எடுக்கலாம். வயித்தை இன்னும் ஒடுக்கலாம். நரம்பு இழுவையைக் கொறைச்சா பட்டாலே பேசும். பஸ்ஸுல வரும்போது அவட்ட சொன்னேன், "கவலைப்படாத. உனக்குன்னு ஒண்ணு செய்யுதேன். இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் ஒண்ணும் இல்ல." அவ என் தோளுல தலையைச் சாச்சுக்கிட்டா. "செய்யிங்க"ன்னா. அவதான் சொன்னா, செய்யிங்கன்னு. மெட்டில்டாவுக்கு இது தெரியாது.

எல்லா ஆர்டரையும் தள்ளி வச்சுட்டு உக்காந்தேன். கிட்டாரு நடுத் துளையைச் சுத்தி என்ன போடட்டும்னு கேட்டேன். "ஒண்ணும் வேண்டாம், வெறும் மரமா இருக்கட்டும். வேலையைச் சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க"ன்னா. வெறும் மரமா? ஊருல உள்ளவனுக்கெல்லாம் சிப்பியில மயிலும் மீனும் பதிச்சுக் குடுத்துட்டு, என் பொண்டாட்டிக்கு வெறும் மரமா? பிச்சிப்பூச் சரம் ஒண்ணு போட்டேன். ஒவ்வொரு எதழும் நெகத்துல பாதிதான். ஒரு பூவுக்கே ஒரு பொழுது ஆயிரும்.

கொட்டகை வீட்டுக்குப் பின்னாலதான். அவ உள்ளருந்து கூப்பிடுவா. "இஞ்சேருங்க, செத்த நேரம் வந்து பக்கத்துல உக்காருங்களேன்." இந்தா வாரேன்ம்பேன். பசை காயுத நேரமா இருக்கும், இல்லன்னா சிப்பி அறுப்பு வாளுல மாட்டி இருக்கும். போவேன் அண்ணாச்சி, போவாம இல்ல. போயி கட்டிலு பக்கத்துல உக்காந்தா என்ன பேசன்னு தெரியாது. அவ என் மொகத்தையே பாப்பா. சும்மா பாப்பா. நானும் சும்மா பாக்கணும்ங்கா. சும்மா எப்படி உக்கார? கை சும்மா இருந்தா எனக்கு மூச்சு முட்டும். பாக்கெட்டுல டேப் இருக்கும். சரி, வந்ததுக்கு அளந்துட்டாவது போவோம்னு முழங்கையை அளப்பேன், தோளை அளப்பேன். போன வாட்டி அளந்ததை விடக் கொறைஞ்சிருக்கும். ஓடிப் போயி பலகையைத் திருத்துவேன்.

அந்தக் கிட்டாரு முடியுததுக்குள்ள எடது கை போயிட்டு. நரம்பை அமுக்க அவளால ஆவல. நான் விடல. அமுக்க வேண்டாத மாதிரி சுதியை மாத்தி வச்சுருவோம், சும்மா தடவுனாலே ஒரு ராகம் மாதிரி வரும்னு ரெண்டாவது ஒண்ணு ஆரம்பிச்சேன். அதை மடியில படுக்கப் போட்டு வாசிக்கிற மாதிரி செஞ்சேன். அது பாலிஷுக்கு வரும்போது வலது கையும் தளந்துட்டு.

நடுவுல ஒருநா குளிக்கிற ரூம்புல விழுந்துட்டா. நான் தேய்க்கிற மெஷினை ஓட்டிக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தத்துல கேக்கல. அடுத்த வீட்டு ரோசலின் வந்து கொட்டகைக் கதவைத் தட்டினா. அதுவரைக்கும் எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ. நெத்தியில சின்னதா வெட்டு, வேற ஒண்ணும் இல்ல. நான் தூக்கிக் கட்டில்ல போட்டேன். எடை ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. ஈட்டிப் பலகை ரெண்டைச் சேத்துத் தூக்குனா அதை விடக் கனக்கும்.

அடுத்த நாளே மெட்டில்டா காரு புடிச்சுக்கிட்டு வந்துட்டா. "அக்காவை நான் கொண்டு போறேன் அத்தான்"ன்னா. என் வீட்டுல வந்து, என் பொண்டாட்டியை. "நீங்களும் வாங்க, ஒரு ரூம்பு காலியாத்தான் இருக்கு"ன்னா. கொட்டகையை யாரு பாக்க? ரெண்டாவது கிட்டாரு பாதியில நிக்கி. "நீ போ, நான் இதை முடிச்சு எடுத்துக்கிட்டு வாரேன்"ன்னேன். ஜெசிந்தா காருல உக்காந்து, கண்ணாடியை எறக்கச் சொல்லிப் பாத்தா. அப்ப பேச்சு கொழற ஆரம்பிச்சாச்சு. என்னமோ சொன்னா. மெட்டில்டா கண்ணாடியை ஏத்திட்டா. என் கையில பூரா பசை. கையாட்டக்கூட முடியல. இப்படித்தான் என் பொண்டாட்டியை எங்கிட்ட இருந்து கொண்டு போனாவ. யாருட்ட சொல்ல இதை?

இது மூணாவது. மடியில இருக்குத இது. இதுக்குக் கை வேண்டாம். அதான் இதுல விசேஷம். ரொம்ப யோசிச்சேன். அவளால வாசிக்க முடியாது, சரி. ஆனா நெஞ்சு மேல கிட்டாரு கிடந்து, பக்கத்துல இருக்கவன் நரம்பைத் தட்டினா, அந்த அதிர்வு நெஞ்செலும்பு வழியா உள்ள போவும்லா? அப்ப அது அவ வாசிச்ச மாதிரிதான. அதுக்குன்னே அடிப்பலகையை நெஞ்சுக்கூட்டுக்குத் தக்கனக் குழிச்சு எடுத்தேன். தூக்கிப் பாருங்க. ஒரு விரலை மட்டும் அடியில குடுத்துத் தூக்குங்க. பாத்தியளா? காத்து மாதிரி இருக்கா? இதுக்கு மேல மெல்லிசா எடுத்தா பலகை நிக்காது. சிப்பி வேலை இன்னும் பண்ணல. அளவு சரியா இருக்கான்னு பாத்துட்டுப் பதிக்கலாம்னு வெறும் மரமாத்தான் எடுத்துட்டுப் போனேன்.

இன்னைக்குக் காலையில போயிச் சேந்தேன். கட்டில்ல சாச்சு உக்கார வச்சிருந்தாவ. மூக்குல கொழாய். ரொம்ப மெலிஞ்சுட்டா. என்னைப் பாத்ததும் கண்ணு மட்டும் பெரிசாச்சு. மெட்டில்டா காப்பி கொண்டாந்தா. நான் காப்பி குடிக்கல. உறையைப் பிரிச்சு, கிட்டாரை எடுத்து, மெதுவா அவ நெஞ்சு மேல வச்சேன்.

பொருந்திச்சு அண்ணாச்சி. இம்மியும் இடைவெளி இல்ல. அவ கையை எடுத்து மேல் பலகையில வச்சேன். நான் நரம்பைத் தட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, சொன்னேன்லா. சும்மா ஒண்ணொண்ணாத் தட்டினேன், மேலருந்து கீழ, கீழருந்து மேல. அவ கண்ணுலருந்து தண்ணி காதுப்பக்கமா ஓடுச்சு. விரலு ரெண்டும் பலகையில அசைஞ்சுது. "பாரு மெட்டில்டா, வாசிக்கா!"ன்னேன். "வாசிக்கல அத்தான், தள்ளுதா. அவளுக்கு மூச்சு முட்டுது"ன்னா அவ. எல்லாத்துக்கும் ஒரு குத்தம் சொல்லணும் அவளுக்கு. இந்தக் காத்து மாதிரி கிட்டாரா மூச்சை முட்டும்?

அப்பந்தான் ஜெசிந்தா வாயைத் தொறந்தா. பேச்சே வராதுன்னு சொல்லிருந்தாவ. வந்துச்சு. ரொம்பப் பாடுபட்டு, உதட்டைக் கூட்டி, ஒரே ஒரு சொல்லு. "போதும்"னா.

போதும்! அளவு போதும்ங்கா! எத்தனை கிட்டாரு செஞ்சிருப்பேன், "இடிக்குது", "சீவுங்க", "இன்னும் கொஞ்சம்" — இப்படித்தான சொல்லுவா. இன்னைக்குத்தான் போதும்னா. நான் சந்தோசத்துல எந்திச்சே நின்னுட்டேன். மெட்டில்டா செவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டு அழுதா. "அவ அளவைச் சொல்லல அத்தான்"ன்னா. "பின்ன எதைச் சொல்லுதா? என் பொண்டாட்டி பேச்சு எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். அவ கிட்டாரை எடுத்து எங்கிட்ட குடுத்துட்டு, அக்கா மொகத்தைத் தொடச்சு விட்டா.

கிட்டாரை எடுத்ததும் ஜெசிந்தா கை சரிஞ்சு விழுந்துச்சு, என் கை மேல. விழுந்துச்சா, போட்டாளா, தெரியல. அப்படியே கிடந்துச்சு. சில்லுன்னு இருந்துச்சு. நானும் எடுக்கல, கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. அப்ப எனக்குத் தோணிச்சு, கை இப்படிச் சரியக் கூடாதுல்லா. மேல் பலகை விளிம்புல மணிக்கட்டுக்குத் தக்கன ஒரு குழி எடுத்துட்டா, கை அங்கேயே பதிஞ்சு கிடக்கும், விழாது. குழியைச் சுத்தி சிப்பியில பிச்சிப்பூ போட்டுரலாம். டேப்பை எடுத்தா மெட்டில்டா கத்துவா. அதனால கட்டைவெரலையும் நடுவெரலையும் வளையம் மாதிரி சேத்து, அவ மணிக்கட்டைச் சுத்திப் பிடிச்சேன். அவளும் கண்ணை மூடிக்கிட்டா. அவ மொகத்துல ஒரு அமைதி வந்துச்சு அண்ணாச்சி, ரொம்ப நாளைக்கப்புறம்.

உடனே கெளம்பிட்டேன். வாசல் வரைக்கும் மெட்டில்டா பின்னாலயே வந்தா. "இன்னைக்கு இருங்க அத்தான். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன், எனக்குத் தெரியும். இனி தாங்காது. உங்க கையைத்தான் தேடுதா"ன்னா. "அதுக்குத்தான் போறேன், சீக்கிரம் முடிச்சுட்டு ஓடி வந்துருதேன்"ன்னேன். குழி எடுக்க, சிப்பி அறுக்க, பதிக்க, பாலிஷ் போட. கொஞ்ச நாளு ஆவும்தான். அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராது.

நீங்களும் மெட்டில்டா மாதிரியே பேசுதியளே அண்ணாச்சி. திரும்பிப் போயி என்ன செய்ய? சும்மா உக்காந்து மொகத்தைப் பாக்கவா? நான் பாத்தா அது நின்னுருமா?

சரி, திருநெல்வேலி வந்துட்டு, புதுப் பஸ் ஸ்டாண்டு நெருங்கிட்டு. ஒரு உதவி செய்யிங்க. இந்தக் கிட்டாரைத் தூக்கி என் தோளுல மாட்டி விட்டுருங்க. வாரை அந்தப் பக்கமா, ஆமா. இந்தக் கையில வாங்க முடியாது. ஊனம் ஒண்ணும் இல்ல. இந்தா பாருங்க, கட்டைவெரலும் நடுவெரலும். நாகர்கோவில்லருந்து இப்படியே வச்சிருக்கேன். இரும்பு டேப்பு இதுக்குள்ள வளையாது; நூலோ பேப்பரோ கெடைச்சா சுத்திப் பாத்து வச்சிருக்கலாம், அதுக்குள்ள பஸ்ஸை எடுத்துட்டான். அவ மணிக்கட்டு இவ்வளவுதான். இதுக்குள்ள உங்க நாலு வெரலும் சேந்து போவுமா? போவாதுன்னு நெனைக்கேன். வேண்டாம், வேண்டாம், விட்டுப் பாக்காதீங்க.

வலிக்கத்தான் செய்யுது. ஆனா கையை எடுத்தா போயிரும் அண்ணாச்சி.